‘சர்வரை வெளிநாட்டுக்காரன் முடக்கிட்டான்’ என்று தாலுகா ஆபீசில் சொன்னால் நம்பலாமா?

கேள்வி கேட்டவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். தாத்தா காலமான பிறகு மாந்தோப்புப் பட்டாவை அப்பா பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறார். மூன்றாவது முறையாகத் தாலுகா ஆபீசுக்குப் போனபோது, ‘சைனாக்காரன் சர்வரை ஹேக் பண்ணிட்டான், எப்ப வரும்னு சொல்ல முடியாது’ என்று அங்கே ஒருவர் சொல்லி அனுப்பிவிட்டாராம். இப்படி நடக்குமா, வெளிநாட்டு அரசுக்கு நம் தாலுகா ஆபீசில் என்ன வேலை, எங்கள் பட்டாவில் கை வைத்துவிடுவார்களா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். எனக்குத் தோன்றுவது, அவர் கேட்க வந்தது ஒன்றுதான்: அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாமா, இல்லை நின்று இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாமா? நின்று கேளுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான 2004ஆம் ஆண்டுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாக, இரண்டு மாவட்டத்து அரசு அலுவலகங்களிலும் கேபிள் இழுப்பேன், ரவுட்டர், ஸ்விட்ச் மாற்றுவேன், ‘லைன் போயிடுச்சு’ என்று போன் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அஞ்செட்டிக்கும் ஓடியிருக்கிறேன், அரூருக்கும் ஓடியிருக்கிறேன். பிற்பாடு பயிற்சி எடுத்துக்கொண்டு, வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் ஃபயர்வால் பக்கம் வந்தேன். உளவுத்துறை ஆள் இல்லை. தாக்கியவன் எந்த நாட்டுக்காரன் என்று துப்புத் துலக்கும் தடயவியலும் என் தொழில் இல்லை. உங்கள் ஆபீசின் லாக் (கணினிகள் தாமே எழுதிவைக்கும் பதிவு) எதையும் நான் பார்க்கவில்லை என்பதால், அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. வழக்கமாக என்ன நடக்கும், ‘வெளிநாடு’ என்று சொல்ல என்ன ஆதாரம் வேண்டும், இந்த இரண்டையும் சொல்ல முடியும்.

முதலில் ‘சர்வர்’ என்ற சொல்லைப் பார்ப்போம். தாலுகா ஆபீசில் மேசைக் கணினிகள் இருக்கும், பிரிண்டர் இருக்கும், ஒரு மூலையில் கம்பி அலமாரிக்குள் ஸ்விட்சும் ரவுட்டரும், அதன் கீழே யூபிஎஸ்சும் இருக்கும். உங்கள் பட்டா அங்கே இல்லை. அது ‘தமிழ் நிலம்’ என்னும் மென்பொருளின் தரவுத்தளத்தில், மாநிலம் முழுவதற்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. அதை எட்டிப் பிடிக்கத்தான் டான்ஸ்வான் என்கிற மாநில அரசின் தனி வலையமைப்பு. மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் அதை நடத்துகிறது. மத்திய அரசின் கணினி அமைப்பான என்ஐசிக்கும் ஒவ்வொரு கலெக்டர் ஆபீசிலும் ஒரு மாவட்ட மையம் உண்டு. ஆக, ‘சர்வர் வரல’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று விஷயம் ஒளிந்திருக்கும். அந்த மேசையில் இருக்கும் கணினி படுத்திருக்கலாம், நடுவில் லைன் அறுந்திருக்கலாம், அல்லது மேலே தரவு மையமே நின்றிருக்கலாம். மூன்றாவது நடந்தால் அது கிருஷ்ணகிரியோடு நிற்காது. 38 மாவட்டத்திலும் பட்டா வேலை நின்று, சாயங்காலம் டிவியில் வந்துவிடும். ஒரு தாலுகாவில் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றுதான்.

என் பழைய டைரிகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. அழைப்பு வந்த நாள், போன இடம், காரணம் என்று மூன்று பத்தி போட்டு எழுதி வைப்பேன். தேசிய நெடுஞ்சாலை 44இல் சாலை வேலைக்குத் தோண்டிய ஜேசிபி ஃபைபரைக் கிழித்தது என்பதுதான் அதில் அதிகம் வரும் வரி. அடுத்து யூபிஎஸ் பேட்டரி செத்தது. கோடை மழையில் இடி இறங்கி ஸ்விட்ச் கருகியது. ஒரு அலுவலகத்தில் அரிசிக் கிடங்கு பக்கத்து அறை என்பதால் எலி கேபிளைத் தின்றது மூன்று முறை வருகிறது. மூன்றாவது முறை நான் ‘காரணம்’ பத்தியில் ‘அதே எலி’ என்று எழுதியிருக்கிறேன். வைரஸ் என்ற சொல்லும் நிறைய இடத்தில் உண்டு. வெளிநாட்டு அரசு என்று எழுத வேண்டிய நிலை எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. அதனால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது, ஏனென்றால் நல்ல உளவாளி லைனை அறுக்க மாட்டான். நீங்கள் பட்டா எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போகும்போதுதான் அவனும் உள்ளே உட்கார்ந்திருப்பான். சர்வர் நிற்பது அவனுக்கே நஷ்டம். அந்த ஊழியர் சொன்னதில் எனக்கு முதலில் இடித்தது இதுதான்.

வைரஸ் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உளவாளி வருகிற வழியும் அதுவேதான். 2000களின் கடைசியில் எங்கள் பக்கத்துக் கணினிகளில் ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென்று ஷார்ட்கட்டாக மாறிவிடும் வியாதி பரவியது. ஒரு அலுவலகத்தில் எத்தனை முறை துடைத்தாலும் மறுவாரம் திரும்ப வரும். கடைசியில் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில்தான் பிடிபட்டது. கிராமத்திலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் மனு டைப் அடிப்பார்கள். அலுவலகத்தில் பிரிண்டர் மை தீர்ந்தால் இவர்களும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு அங்கேதான் ஓடுவார்கள். இன்னொரு வழி தமிழ் டைப்பிங். 2010இலேயே யூனிகோடும் டேஸ்16உம் கணினித் தமிழ் எழுத்துக்கான அரசுத் தரமாக அறிவிக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் பழைய எழுத்துருவில் பழகிய கை மாறவில்லை. உரிமம் வாங்காத டைப்பிங் மென்பொருளை யாரோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்’ என்று அதிலேயே எழுதியிருப்பதை அப்படியே நம்பி நிறுவியிருப்பார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் யார் வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? சைனாக்காரனும் வரலாம், சேலத்துப் பையனும் வரலாம்.

சரி, வெளிநாட்டு அரசுகள் உண்மையிலேயே இப்படிச் செய்கின்றனவா? செய்கின்றன. இதில் சந்தேகம் வேண்டாம். நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் கூடங்குளம். 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையத் தரப்பு, தங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்போடு இணைக்கப்படாதவை, தாக்குதல் சாத்தியமில்லை என்று அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் (கேடு செய்யும் நிரல்) இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4ஆம் தேதியே, இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு தகவல் சொல்லியிருந்தது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணினி ஒன்றில்தான் அது இருந்தது, அணு உலையை இயக்கும் உள் வலையமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்றும் கழகம் சொன்னது. டிட்ராக் என்ற அந்த வகைத் தீநிரலை வடகொரியாவின் லாசரஸ் என்ற ஹேக்கர் குழுவோடு காஸ்பர்ஸ்கி போன்ற ஆய்வு நிறுவனங்கள் தொடர்புபடுத்தியிருக்கின்றன. இதில் உறுதியானது எது என்று பிரித்துப் பாருங்கள். தீநிரல் இருந்தது உறுதி. அந்த வகை நிரலை வழக்கமாக யார் பயன்படுத்துகிறார்கள் என்பதில் ஆய்வாளர்களிடம் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உள்ளே வந்தவனுக்கு என்ன வேண்டியிருந்தது, என்ன எடுத்துப் போனான் என்பது பொதுவெளியில் நிரூபிக்கப்படவில்லை.

டெல்லி எய்ம்ஸ் வேறு ரகம். 2022 நவம்பர் 23 அன்று சர்வர்கள் பூட்டப்பட்டு, நாட்டின் பெரிய மருத்துவமனை இரண்டு வாரம் போலக் கையெழுத்துச் சீட்டில் ஓடியது. சைனா என்று செய்திகள் பறந்தன. அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன காரணம் என்ன தெரியுமா? வலையமைப்பைச் சரியாகப் பிரிக்காமல் விட்டது. எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது, ஏனென்றால் எவன் வந்தான் என்பதைவிட எப்படி வர முடிந்தது என்பதைத்தான் ஒரு அலுவலகத்தால் சரிசெய்ய முடியும். வெளிநோயாளி சீட்டு போடுகிற கணினியும் ரத்தப் பரிசோதனை சர்வரும் ஒரே கூடத்தில் கதவில்லாமல் இருந்தால், ஒரு மூலையில் பிடித்த தீ முழு வீட்டையும் எரிக்கும். கூடங்குளத்தில் சுவர் இருந்தது என்கிறார்கள், எய்ம்ஸில் இல்லை. இரண்டு வருடம் ஃபயர்வால் பக்கம் உட்கார்ந்தால் இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிடும்.

இப்போது நாட்டின் பெயரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்கு வருவோம். ஒரு அலுவலகத்தில் பொறுப்பில் இருந்த ஒருவர் ஃபயர்வால் திரையைப் பார்த்துவிட்டு, ‘ரஷ்யாவிலிருந்து 400 தடவை உள்ளே வரப் பார்த்திருக்கான்’ என்று மேலிடத்துக்கு எழுதியே விட்டார். இணையத்தில் நேரடியாகத் தெரிகிற எந்த முகவரியையும் தானியங்கி நிரல்கள் ராப்பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். உங்கள் வீட்டு மோடத்தையும்தான். திரையில் வரும் நாட்டின் பெயர், வாடகைக்கு எடுத்த சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். ஓசூர் பதிவெண் போட்ட லாரியை ஓட்டுகிறவர் ஓசூர்க்காரராகத்தான் இருக்க வேண்டுமா என்ன? ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய தாக்குதல்களில் பயன்படுத்திய நிரலின் துண்டுகள், நிரலுக்குக் கட்டளை அனுப்பும் அதே சர்வர்கள், வேலை பார்க்கும் நேரப் பழக்கம், கூடவே அரசுகளிடம் மட்டும் இருக்கும் உளவுத் தகவல். இவ்வளவும் சேர்ந்தாலும் தடுமாறும். 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸைத் தாக்கிய ‘ஒலிம்பிக் டெஸ்ட்ராயர்’ நிரலில் வடகொரியாவின் கைரேகைபோலத் தெரிகிற தடயங்களை வேண்டுமென்றே போட்டு வைத்திருந்தார்கள். பின்னால் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவைத்தான் குற்றம்சாட்டின. 2019இல் பிரிட்டிஷ், அமெரிக்க அமைப்புகள் வெளியிட்ட இன்னொரு விஷயம் இதைவிட வேடிக்கை: டர்லா என்ற ரஷ்யக் குழு, ஈரானியக் குழுவின் கருவிகளையும் சர்வர்களையும் அபகரித்து, அவற்றின் வழியே மற்ற நாடுகளுக்குள் போயிருந்தது. திருடன் வீட்டில் திருடி, அவன் சாவியையே எடுத்துக்கொண்டு போன கதை. மாதக்கணக்கில் இதற்கென்றே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கே இந்தப் பாடு. காலை பத்தரைக்குத் திரை வரவில்லை, பதினொன்றுக்கு ‘சைனாக்காரன்’ என்று தெரிந்துவிட்டது என்றால், அது தெரிந்து சொன்னது இல்லை.

எண்ணிக்கையிலும் ஏமாற வேண்டாம். 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்த நாட்களில் இந்தியத் தளங்கள் மீது சுமார் 15 லட்சம் தாக்குதல்கள் நடந்ததாக மகாராஷ்டிர சைபர் பிரிவு சொன்னது. வெற்றி பெற்றவை 150 என்றும் அதுவே சொன்னது. முதல் எண் தலைப்பில் வரும், இரண்டாவது எண் நான்காவது பத்தியில் வரும். அந்த 150இலும் தளத்தின் முகப்பில் கொடி ஒட்டிவிட்டுப் போவது போன்ற வேலைகள் உண்டு. சுவரில் கரியால் கிறுக்கிவிட்டு ஓடுவதும் பீரோவைத் திறப்பதும் ஒன்றில்லை.

அப்படியானால் வெளிநாட்டு அரசுக்கு நம் பக்கம் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. பட்டாவில் இல்லை. மூன்று இடத்தில் எனக்கு நிஜமாகவே கவலை உண்டு. முதலாவது ஓசூர். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஓசூரும் ஒன்று, பெங்களூரு கூப்பிடு தூரம். விமானத்துக்கும் ராணுவத்துக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற சின்னப் பட்டறைகளில் வரைபடங்கள் சாதாரண மெயிலில் வந்து போகின்றன. 12 பேர் வேலை பார்க்கும் பட்டறையில் கணக்கு எழுதும் பெண்ணே கணினிப் பொறுப்பாளரும். பெரிய கம்பெனியின் கோட்டையைத் தாண்ட முடியாதவன் இந்தப் பட்டறையின் ஜன்னல் வழியாக வருவான். 2017இல் நாட்பெட்யா என்ற தீநிரல் உக்ரைனின் ஒரு கணக்குப்பதிவு மென்பொருளின் அப்டேட்டில் ஏறிக்கொண்டு உலகம் சுற்றியது. நம் நவிமும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம் வரை முடங்கியது. உக்ரைனை அடிக்க எறிந்த கல் அது.

இரண்டாவது, ஆட்களின் பட்டியல். அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து சுமார் 2.15 கோடிப் பேரின் விவரங்கள் போனது 2015இல் வெளியானது. அதில் 56 லட்சம் கைரேகைகளும் போயின. காசுக்கு விற்க எடுத்ததாக யாரும் நினைக்கவில்லை. யார் எங்கே வேலை பார்த்தார், யாருக்குக் கடன் இருக்கிறது, யாரை வளைக்கலாம் என்று பார்க்கத்தான் அப்படிப்பட்ட பட்டியல் உதவும். நம் மாவட்ட அளவிலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, துப்பாக்கி உரிமப் பட்டியல் இருக்கிறது. பாகிஸ்தானோடு தொடர்புபடுத்தப்படும் ஏபிடி36 என்ற குழு, இந்திய ராணுவத்தினரையும் அரசு ஊழியர்களையும் வருடக்கணக்காகக் குறிவைத்து வருகிறது. அரசு மெயிலுக்கான ‘கவச்’ என்ற இரட்டைச் சரிபார்ப்புச் செயலி வந்தபோது, அதேபோலப் போலிச் செயலி செய்து விரித்தது அந்தக் குழுதான். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே அதைப் பற்றிய அரசுக் குறிப்பு என்ற பெயரில் பிடிஎஃப்கள் வந்தன. விண்டோஸுக்குப் பதிலாக, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வைத்திருக்கும் அரசுக் கணினிகளையும் விடவில்லை. லினக்ஸ் என்றால் வைரஸ் வராது என்று 15 வருடம் நானே வகுப்பெடுத்தவன், இப்போது சொல்வதில்லை. இவர்களுக்குத் தாலுகா ஆபீஸ் மெயில் ஒன்று கிடைத்தால் போதும். அதிலிருந்து டெல்லிக்குப் போகிற கடிதத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மூன்றாவது, தண்ணீரும் மின்சாரமும். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிகிப்பா என்ற சின்ன ஊரின் குடிநீர் வாரியத்து நீரேற்று நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கருவியை ஈரானோடு தொடர்புடைய குழு பிடித்தது. பிடிபட்ட அந்த வகைக் கருவிகளில் தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய கடவுச்சொல் 1111, அதை யாரும் மாற்றவில்லை என்பதே வழி. ஊரின் மேல் விரோதம் எதுவும் இல்லை, கருவி இஸ்ரேல் தயாரிப்பு என்பதுதான் குற்றம். 2025 ஏப்ரலில் நார்வேயில் ஒரு சிறிய அணையின் மதகை நான்கு மணி நேரம் திறந்துவிட்டார்கள். நொடிக்கு 500 லிட்டர் தண்ணீர் போனது, யாருக்கும் சேதமில்லை. அந்நாட்டு உளவுத்துறைத் தலைவர் ஆகஸ்டில் ரஷ்யாவின் பெயரைச் சொன்னார். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2021 பிப்ரவரியில் புளோரிடாவின் ஓல்ட்ஸ்மாரில் குடிநீரில் காஸ்டிக் சோடாவை நூறு மடங்குக்கு மேல் ஏற்ற ஹேக்கர் முயன்றதாக உலகமே பேசியது. இரண்டு வருடம் கழித்து, அந்த நகர நிர்வாகியாக இருந்தவரே, அது ஊழியர் ஒருவரின் கைத்தவறாக இருக்கலாம் என்றார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியதிலிருந்து இரண்டு மாவட்டமும் அதை நம்பித்தான் இருக்கிறது. புளோரைடு தண்ணீரில் பல் கறுத்த தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். கிருஷ்ணகிரியின் கேஆர்பி அணையின் மதகு ஒன்று 2017இல் உடைந்தபோது எந்த ஹேக்கரும் தேவைப்படவில்லை. இந்த இரண்டு இடத்துக் கட்டுப்பாட்டு அறைகளிலும் நான் வேலை பார்த்ததில்லை, அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். ஆனால் பஞ்சாயத்து மோட்டாரை மொபைலில் போட்டு நிறுத்தும் பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எத்தனை பேர் 1234ஐ மாற்றினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சிசிடிவி கேமராவுக்கும் இதே கதை. 2022 ஏப்ரலில் ரெக்கார்டட் ஃப்யூச்சர் என்ற நிறுவனம், லடாக் எல்லைப் பக்கம் குறைந்தது ஏழு மின்பகிர்வுக் கட்டுப்பாட்டு மையங்களைச் சீனத் தொடர்புள்ள குழு குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. இடையில் கட்டளை அனுப்பும் தரகராக அவர்கள் பயன்படுத்தியது, இணையத்தில் திறந்து கிடந்த கேமரா ரெக்கார்டர்களை. எங்கோ ஒரு கடையின் கேமரா. அந்தக் கடைக்காரருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இந்த இடத்தில் இருக்கிறது என்பேன். வெளிநாட்டு அரசுக்கு நம் தாலுகா ஆபீஸ் வேண்டாம், அதன் வராந்தா வேண்டும். பூட்டாமல் கிடக்கிற எந்த வராந்தாவும் போதும்.

பட்டாவுக்கு வருகிறேன். தாலுகாவில் இருக்கும் ஒரு கணினியை வைரஸ் தின்றாலும் உங்கள் பட்டா மாறாது, ஏனென்றால் பட்டா அதில் இல்லை. பெயரை மாற்ற வேண்டுமென்றால் உரிய அலுவலரின் லாகின் வேண்டும், பென் டிரைவ் போலச் செருகும் அவருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டும். இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக முடிக்கத்தான் ஆசை. ஆனால் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். ஒரு அலுவலகத்தில் ரவுட்டர் மாற்றப் போனபோது அலுவலர் வெளியூரில். டோக்கன் கணினியிலேயே செருகி இருந்தது. பின் நம்பர் மானிட்டரின் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. தற்காலிகமாக வந்திருந்த பையன் வரிசையாக ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, ‘சார் ஃபீல்டுல இருக்காரு, மனு தேங்கிடுச்சுன்னா திட்டு விழும்’ என்றான். அவன் கெட்டவன் இல்லை. வேலை அப்படி. ஆனால் அந்த டோக்கனுக்கு பீஜிங்கிலிருந்து யாரும் மெனக்கெட வேண்டாம், அடுத்த தெருவிலிருந்து வந்தால் போதும். உங்கள் மாந்தோப்பைப் பொறுத்தவரை நான் பயப்படுவது பங்காளிகளுக்கும் புரோக்கருக்கும்தான், சைனாவுக்கு இல்லை. அப்படி ஏதாவது நடந்தாலும் எந்த லாகினில், எந்த நாள் மாற்றினார்கள் என்பது பதிவில் நிற்கும். திருத்த முடியும். பழைய தாளில் பேனாவால் அடித்துத் திருத்திய காலத்தில் அதுகூட இல்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தை உங்கள் போனில் திறந்து, தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவையும் அ-பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் இறக்கித் தேதியோடு அச்செடுத்து வையுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றும் எடுத்துவிடுங்கள். தளத்தின் முகவரி அரசினுடையதுதானா, ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துத் திறக்கவும். ‘பட்டா ஸ்டேட்டஸ் பார்க்க’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) தொடவே வேண்டாம். பிஎம் கிசான் பெயரில் வந்த அதே மாதிரிக் கோப்புகளால் பணம் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏதாவது ஆகிவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

அதே தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலை பாருங்கள். அது உங்கள் வீட்டிலிருந்து திறந்து, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டினால், மேலே இருக்கும் சர்வர் உயிரோடுதான் இருக்கிறது. பழுது அந்த ஆபீசின் லைனிலோ கணினியிலோதான். ஸ்கிரீன்ஷாட்டை நேரத்தோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, எது பழுது, யாரிடம் புகார் சொல்லியிருக்கிறீர்கள், புகார் எண் என்ன என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையான தாக்குதல் என்றால், 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தகவல் போயிருக்க வேண்டும், 180 நாள் லாக் பத்திரமாக இருக்க வேண்டும். செர்ட்-இன்னிடம் நீங்கள் நேராகத் தகவல் உரிமையில் கேட்க முடியாது, 2023 நவம்பரில் அதற்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். தாலுகா ஆபீஸுக்கு அந்த விலக்கு இல்லை. பாதுகாப்பு விவரம் என்று சொல்லி லாக்கைத் தர மறுக்கலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் குறிப்பிட்ட தேதியில் சேவை தடைபட்டதா, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்குச் சரியானது, பழுது பற்றி யாருக்கு எழுதினீர்கள் என்று கேட்பதில் எந்த ரகசியமும் இல்லை. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். என் விண்ணப்பம் இன்றைய தேதியில் யாருடைய லாகினில் நிற்கிறது என்ற கேள்வியையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து, மனு போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஒரு கேள்விக்கு மட்டும் போனில் பதில் வந்துவிடும்.